பாய்லர் அறை ஆண்பிள்ளைகள்

வான்னேயில் ஓடும் நகரப் பேருந்துகளில் ரோஸ்விதா பவ்லிட்ஸ்கி எதை ஓட்டுகிறாள் என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கதவு திறந்ததும் முதலில் அவள் குரல்தான் இறங்கும். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல நின்னா யாரும் கடிச்சிட மாட்டாங்க!" காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வழியை அடைத்து நிற்கும் பள்ளிக்கூடப் பையன்கள் அவள் வண்டியில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள். அதே ரோஸ்விதா, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறும் கிழவி ஒருத்தி உட்காரும் வரை வண்டியை நகர்த்த மாட்டாள். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் சரி. மூக்குக்கு மேல் கோபம் வரும் பெண்தான். ஆனால் ஏறின கோபம் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும். ஒரே ஒரு கோபம் மட்டும் இறங்காமல் அவளோடு இரண்டு வருஷம் சுற்றியது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தேழு வயதில், அத்தனை பெரிய தொண்டையை வைத்துக்கொண்டு, வீட்டு நிலவறைக்குள் இறங்கினால் அவள் கிசுகிசுப்பாள். காரணம் மீன். குஞ்சுகளைக் காக்கும் தாய்மீன் மிரண்டால் தன் குஞ்சுகளையே தின்றுவிடும் என்பதால், தும்மல் வந்தாலும் மாடிப்படி ஏறிப் போய்த் தும்மிவிட்டு வருவாள்.

அவள் வளர்த்தவை குள்ளச் சிக்லிட் மீன்கள். ஆண் விரல் நீளம் இருக்கும், கொடி மாதிரி துடுப்பு. பெண் அதில் பாதிகூட இல்லை, பார்க்கச் சாம்பல் பூத்தாற்போல் இருப்பாள். அந்தச் சாம்பல்காரி ஒருநாள் தேங்காய் ஓட்டுக்குள் தலைகீழாய் முட்டையை ஒட்டி வைத்தாளோ இல்லையோ, மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடுவாள். அப்புறம் தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய புருஷனைத் தொட்டி மூலையில் விரட்டி நிறுத்துவாள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பட்டாளத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆபத்து என்றால் உடம்பை ஒரு வெட்டு வெட்டுவாள். அத்தனை குஞ்சும் அந்த நொடியே கீழே படிந்து அசையாமல் கிடக்கும். பேருந்தில் தனக்கு அப்படி ஒரு வெட்டு வாய்க்கவில்லையே என்று ரோஸ்விதா சொல்லிக்கொள்வாள்.

தண்ணீரில் விட்டால் மீன் குட்டி போடும் என்று நினைப்பவர்கள் வான்னேயின் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டும். கெட்டிலில் கல் கட்டும் தண்ணீர் அது. அதில் இந்த மீனின் முட்டை பொரியாது. ரோஸ்விதா கூரை மழையைப் பீப்பாயில் பிடித்து, பூங்காவில் பொறுக்கிய பீச் இலைச் சருகைப் போட்டு ஊறவைத்து, தேநீர் நிறத்துக்கு வந்த பிறகே தொட்டியில் ஊற்றுவாள். உப்புநீரில் அன்றன்றைக்கு முட்டையிலிருந்து பொரியவைத்த இறால் பூச்சிதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு; காலை வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை. விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. "ரோஸி கை வச்சா கூழாங்கல்லும் முட்டை போடும்" என்று மீன் சங்கத்தில் சொல்வார்கள். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. வந்த வினையே அதில்தான்.

சங்கம் மாதம் ஒருமுறை ஒரு மதுக்கடையின் பின்னறையில் கூடும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. அரிய மீன் எவனிடமாவது இருந்தால் அதை விற்கக் கூடாது. ஆறு குஞ்சுகளைப் பையில் போட்டு இன்னொருவனுக்குச் சும்மா கொடுக்க வேண்டும். நாளைக்கே கொடுத்தவனின் தொட்டி உடைந்தாலும் நோய் வந்தாலும், வாங்கியவன் ஆறு குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 'திருப்பு மீன்' என்று அதற்குப் பெயர். அதனால் ஒரு குலம் எப்போதும் இரண்டு நிலவறைகளில் உயிரோடு இருக்கும். சங்கத்தில் யாரும் எழுதி வைக்காத விதி இது ஒன்றுதான். யாரும் மீறாத விதியும் இது ஒன்றுதான்.

ரோஸ்விதாவிடம் அப்படி ஒரு குலம் இருந்தது. வாலில் சிவப்புக் கரை போட்ட குள்ளச் சிக்லிட். சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் பெரு நாட்டுக் காட்டு ஓடையிலிருந்து கொண்டுவந்தது. அவர் காலமாகிவிட்டார், மற்றவர்களிடம் இருந்ததும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டது. கடைசியில் அவளிடம் மட்டும் மிஞ்சியது. அதில் ஆறு குஞ்சுகளை அவள் கொடுத்தது லோத்தர் டெம்பெக்குக்கு.

லோத்தர் அந்த வட்டாரத்தின் புகைபோக்கி துப்புரவுக்காரன்; வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களை வருஷாவருஷம் சோதிப்பதும் சட்டப்படி அவன் வேலை. கறுப்பு உடுப்பு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான். தெருவில் அவனைக் கண்டால் சிலர் அதிர்ஷ்டத்துக்காக ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டுப் போவார்கள். மனைவியை இழந்தவன், வாயாடி, இருபது வருஷத்துக்கு மேலாக ரோஸ்விதாவின் நண்பன். ஒருவர் தொட்டியில் நோய் வந்தால் மற்றவர் வீட்டில் தூக்கம் போய்விடும், அவ்வளவு நெருக்கம்.

கொடுத்த ஆறும் வளர்ந்து நிறம் காட்டியபோதுதான் வந்தது சனி. கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், லோத்தர் குவளையைக் கீழே வைத்தான்.

"ரோஸி, நீ குடுத்தது ஆறும் தடிப்பசங்க. பொண்ணு ஒண்ணுகூட இல்ல."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரு. குட்டியா இருக்கிறது பொண்ணாத்தான் இருக்கும்."

"எனக்கா மீன் பாக்கக் கத்துத் தர்ற?"

"இத்தன வருஷமா புகைக்கூண்டுக்குள்ள தலைய விட்டிருக்க. கண்ணுல கரி அப்பியிருக்கும், பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு லோத்தருக்குச் சுருக்கென்று தைத்தது. "கரியெல்லாம் இல்ல. பொண்ணையெல்லாம் பொறுக்கி நீ வச்சிக்கிட்டு, கழிச்சத எனக்குத் தள்ளியிருக்க. இந்த மீனு ஊர்ல உன்கிட்ட மட்டுமே இருக்கணும். அதான் விஷயம்."

திருப்பு மீன் விஷயத்தில் ஒருவரை அப்படிச் சொல்வது, எங்கள் ஊரில், திருடி என்று சொல்வதற்குச் சமம். ரோஸ்விதா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். "பொய்யன்" என்றாள், பேருந்துக் குரலில். "ஆணு எது பொண்ணு எதுன்னு தெரியாம என் மேல பழி போடறான், பச்சப் பொய்யன்." கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் சங்கத்துப் பக்கம் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அவள் வீட்டு பாய்லரைச் சோதிக்க வேண்டிய லோத்தரும், தான் வராமல் தன் கையாளை அனுப்பினான்.

அந்தக் குளிர்காலத்தில், லோத்தருக்குக் கொடுத்தது போக, அவளிடமே தொட்டி நெரிசலில் மெதுவாக வளர்ந்த மீதிக் குஞ்சுகளும் நிறம் காட்டின. ஒவ்வொன்றாய் வால் நீண்டது, துடுப்பு கொடியானது. அத்தனையும் ஆண். ரோஸ்விதா தொட்டிக்கு முன் முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லோத்தர் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கே கோட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். நாலு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் சொன்னால், கூழாங்கல்லையும் முட்டை போடவைக்கும் ரோஸியின் கையில் ஆண்பிள்ளைகளாகவே பிறக்கின்றன என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஈட்டில் சரியாகிவிடும், அப்போது ஒரு ஜோடியைக் கொண்டுபோய் அவன் மூஞ்சியில் எறியலாம் என்று நினைத்தாள். அடுத்த ஈடும் ஆண். இலையை மாற்றினாள், இரையை மாற்றினாள், மழைத் தண்ணீரை இரண்டு முறை வடிகட்டினாள். அதற்கடுத்த ஈடும் ஆண். நாளாக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமானது. அவள் கணவன் நோர்பர்ட் "சங்கத்துக்குப் போகலியா?" என்று கேட்டால், "வேல ஜாஸ்தி" என்பாள்.

இதற்கிடையில் பெண்மீன்கள் வயதாகிச் செத்தன. கடைசியாக ஒருத்தி மிஞ்சினாள். துடுப்பு ஓரமெல்லாம் கிழிந்த கிழவி. சண்டை போட்டு இரண்டு வருஷமாகிவிட்ட அந்த மார்ச் மாதம், இனி இவள் முட்டை வைக்க மாட்டாள் என்று ரோஸ்விதா நம்பிக்கை இழந்திருந்தபோது, கிழவி மஞ்சளானாள். சில நாளில் தேங்காய் ஓட்டிலிருந்து புள்ளி புள்ளியாய்க் குஞ்சுகள் வெளியே வந்தன. இதுவும் ஆணாகவே போனால் அந்தக் காட்டு ஓடையின் குலம் இந்தத் தொட்டியோடு சரி. ரோஸ்விதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் பாய்லர் சோதனை. மணி அடித்தது. கையாளை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தவள் முன்னால் லோத்தர் நின்றான், கையில் பெட்டி, மூக்கு நுனி குளிரில் சிவந்து.

"பையன் ஏணியிலருந்து விழுந்து கணுக்கால ஒடச்சிக்கிட்டான்" என்றான், அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்து. "வேற ஆளில்ல."

சட்டப்படி அவளால் அவனை உள்ளே விடாமல் இருக்க முடியாது. அவனாலும் வராமல் இருக்க முடியாது. "பாதைதான் தெரியுமே" என்றாள். படியிறங்கும்போது மட்டும், "மெதுவா நட. குஞ்சு இருக்கு" என்று தன்னை அறியாமல் கிசுகிசுத்துவிட்டாள். லோத்தரும் தன்னை அறியாமல் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பழைய மீன் அறை மேலே இருந்தது. நோர்பர்ட் ஓய்வு பெற்றதும் அதில் தன் பொம்மை ரயிலைப் பரப்பிவிட்டான். ரயில் வந்தது; மீன் கீழே பாய்லர் அறைக்கு இறங்கியது. ரோஸ்விதாவுக்கு அதில் வருத்தமே இல்லை. வெப்பக்காட்டு மீன்; பாய்லர் பக்கத்துச் சூட்டில் குஞ்சுகள் ஓநாய் மாதிரி தின்னும், சீக்கிரம் பெரிதாகும், மின்சாரமும் மிச்சம். கரும்பு தின்னக் கூலி வேண்டுமா என்று தொட்டியை பாய்லர் மேடையிலேயே தூக்கி வைத்துவிட்டாள்.

லோத்தர் புகை அளக்கும் கருவியின் குழாயைப் புகைக்குழலில் சொருகினான். எண் வருவதற்குக் காத்திருக்கும்போது கண் தானாகத் தொட்டிக்குப் போனது. மஞ்சள் கிழவி, அவளைச் சுற்றிக் குஞ்சுப் புகை. அவன் முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தான். முப்பது. குனிந்து இன்னொரு தரம் பார்த்தான். பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ரோஸி. இந்தத் தொட்டி எத்தன நாளா இங்க நிக்குது?"

"ரயில் வந்ததுலருந்து. ஏன்?"

"எனக்குக் குடுத்தியே ஆறு, அதுவும் இங்கதான் வளந்துச்சா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"அவிச்சிட்டியேம்மா தாயே" என்றான் லோத்தர். "ஆறு பேரையும் அவிச்சுக் குடுத்திருக்க."

போன இலையுதிர் காலத்தில் மூன்ஸ்டர் நகரத்து மீன் நிபுணர் ஒருவர் சங்கத்தில் வந்து பேசினாராம். இந்த மீன் ஆணாவதும் பெண்ணாவதும் முட்டைக்குள் முடிவாவதில்லை. நீந்தத் தொடங்கிய முதல் மாதத்துச் சூடுதான் பெரும்பாலும் அதை முடிவு செய்கிறது. சூடு ஏறினால் ஆண், குளிர்ந்தால் பெண். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டு சங்கத்துக்கு வராமல் இருந்த ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

ரோஸ்விதா சுவரில் சாய்ந்தாள். அவள் பயந்துகொண்டிருந்த வார்த்தை தானாக வாயிலிருந்து வந்தது. "என்னோடதும் எல்லாமே ஆணுதான், லோத்தர். ஒரு பொண்ணுகூட வரல."

"எப்பலருந்து தெரியும்?"

"அந்தக் குளிர்காலத்துலயே."

லோத்தர் எழுந்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தான். கிழவி உடம்பை ஒரு வெட்டு வெட்டினாள். குஞ்சுகள் அத்தனையும் கீழே படிந்தன. அவன் வாயை மூடிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். இரண்டு வருஷத்துச் சண்டையை இரண்டு பேரும் கிசுகிசுப்பிலேயே போட வேண்டியிருந்தது.

"ரெண்டு வருஷம்! பொய்யன்னு பேரு வாங்கிட்டு அங்க போயி உக்காந்திருக்கேன். நான் வாயத் தொறந்தாலே கரி, கரின்னு சிரிக்கிறானுங்க. ஒனக்குத் தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லல."

"நீ என்னத் திருடின்னியே!"

"சொன்னேன். தப்புத்தான். மூன்ஸ்டர்காரரு பேசி முடிச்ச அன்னிக்கே, நீ பொறுக்கி எடுக்கலன்னு புரிஞ்சிபோச்சு. சொல்லலாம்னு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னேன். ஒன் வண்டி வந்துச்சு. கதவு தொறந்துச்சு. ஏறல."

"நான் பாத்தேன்" என்றாள் ரோஸ்விதா. "வேற பஸ்ஸுக்கு நிக்கிறன்னு நெனச்சேன்." கருவி வேலையை முடித்துவிட்டுக் கீச்சென்று சத்தம் போட்டது. அதை லோத்தர் பதறி அணைத்தான்.

பழையது போகட்டும், இந்தக் குஞ்சுகள் பிழைத்தாக வேண்டும். நீந்தத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்னும் நேரம் இருந்தது. தொட்டியைத் தூக்கிக் குளிர்ந்த இடத்தில் வைக்கலாம் என்றால், தூக்கின மறுநிமிஷம் கிழவி மிரண்டு குஞ்சுகளைத் தின்றுவிடுவாள். குஞ்சுகளை மட்டும் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம் என்றால், இந்த வயதில் அவை தாயில்லாமல் பாதிகூடத் தேறாது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் ஜன்னலே இல்லை. புது பாய்லர் வைத்தபோது செங்கல் வைத்து அடைத்தாயிற்று. மிஞ்சியது ஒரே வழி. பாய்லரை அணைக்க வேண்டும். மார்ச் மாதம். வெளியே புல்லில் உறைபனி.

"நோர்பர்ட் ஒத்துக்குவானா?"

"குளிச்சிட்டு வரும்போதே ரெண்டு ஹீட்டர் போடற ஆளு அவன்."

லோத்தர் தாடையைத் தடவினான். "ஒண்ணு பண்ணலாம். பாய்லர்ல கோளாறு, சாமான் வர ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் பத்த வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லிடறேன். இந்த உடுப்புல நான் சொன்னா போலீசுகூட எதுத்துக் கேக்காது."

ரோஸ்விதாவுக்கு ஒரு நிமிஷம் ஆசை பிடித்து இழுத்தது. எவ்வளவு சுலபம்! யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அவள் தொட்டியைப் பார்த்தாள். கிழவி ஒரு வழிதவறிய குஞ்சை வாயில் கவ்விக் கொண்டுவந்து கூட்டத்தில் துப்பினாள்.

"வேணாம்யா" என்றாள். "ஒண்ண மூடி வச்சதுக்கே ரெண்டு வருஷம் போயிடுச்சு. நானே கேக்கறேன்."

நோர்பர்ட் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தபோது சமையலறை மேஜையில் மனைவியும் அவள் ஜென்ம விரோதியும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றான். ரோஸ்விதா எல்லாவற்றையும் சொன்னாள். ஆண் மீன், பொய்யன் என்றது, தெரிந்தும் சொல்லாதது, பாய்லர், ஒரு மாதம். எதையும் விடவில்லை.

"ஒரு மாசமா?" என்றான் நோர்பர்ட்.

"ஆமா."

"இந்தக் குளுருல."

"ஆமா."

"குளிக்க வெந்நீரு?"

"கெட்டில்ல காச்சிக்கலாம்."

நோர்பர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "மீன் ரூம ரயிலுக்குன்னு காலி பண்ணச் சொன்னது நான்தான?" என்று மெல்லக் கேட்டான். "நீ அப்ப ஒரு வார்த்த மறுத்துச் சொல்லல. சந்தோசம்னே நெனச்சிட்டேன்." ரொட்டிப் பையை வைத்தான். கோட்டைக் கழற்றாமலே கீழே இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் வீட்டுக் குழாய்களில் எப்போதும் கேட்கும் முனகல் நின்றது. மேலே வந்தவன், "இனிமே இந்தக் கோட்ட ஏப்ரல்லதான் கழட்டுவேன். எனக்குக் காபி இருக்கா இல்லியா?" என்றான். ரோஸ்விதா எழுந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், மூன்றாம் ஆள் முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதத்தை நோர்பர்ட் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். நிலவறைத் தொட்டியில் சின்ன ஹீட்டர் ஒன்று தண்ணீரை இருபத்துநாலு டிகிரியில் பிடித்து வைத்திருந்தது. மேலே மனிதர்கள் வாயால் புகைவிட்டுக்கொண்டு நடந்தார்கள். "மீனுக்கு ஹீட்டர், எனக்கு ஸ்வெட்டர்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரி, பணக் கஷ்டமோ என்று நினைத்து ஒரு பானை முட்டைக்கோஸ் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். மாலையானால் நோர்பர்ட்டும் ரோஸ்விதாவும் துண்டையும் சோப்பையும் பையில் போட்டுக்கொண்டு லோத்தர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே குளியல், பிறகு காடி ஊற்றிய பருப்புக் குழம்பும் தொத்திறைச்சியும். மனைவி போன பிறகு லோத்தரின் மேஜையில் இரண்டாவது தட்டு வைத்ததே இல்லை. இப்போது மூன்று தட்டு. வாயாடி வாய் ஓயாமல் பேசினான்.

அவன் நிலவறையை ரோஸ்விதா அங்கேதான் மறுபடி பார்த்தாள். வாசலுக்கு நேரே, நல்ல வெளிச்சத்தில், தனித் தொட்டியில் ஒரு வயதான ஆண். வாலில் சிவப்புக் கரை. அவள் கொடுத்த ஆறில் ஒன்று.

"இத வச்சிருக்கியா இன்னும்?"

"பின்ன? உன்மேலதான கோவம். அது என்ன பாவம் பண்ணிச்சு?"

மூன்றாவது வாரத்தில் நோர்பர்ட்டுக்கு இருமல் பிடித்தது. ஒரு காலை அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமியபோது ரோஸ்விதா பயந்துபோனாள். "போதும். பாய்லரப் போடறேன். மீனு போனாப் போகட்டும்" என்றாள். சொன்னது மனதார. நோர்பர்ட் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சும்மா இரு. இவ்ளோ நாளு நடுங்கினதெல்லாம் தண்டமாப் போகவா? லோத்தர் வீட்டு சோபாவுல படுத்துக்கறேன்." படுத்தும் கொண்டான். இருமல் போயிற்று; சோபாவை விட்டு எழுந்திருக்க மட்டும் மனமில்லை.

கிழவி மே மாதத்தில் செத்தாள். குஞ்சுகளை ஆளாக்கி, மஞ்சள் வெளுத்து, ஒரு காலையில் சருகுமேல் சாய்ந்து கிடந்தாள். அன்றைக்கு ரோஸ்விதா பணிமனையில் காலி வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். கேட்டவர்களிடம் மூக்கடைப்பு என்றாள். மீனுக்காக அழுவாளா ஒருத்தி என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்தக் கிழிந்த துடுப்போடு அவள் பட்ட பாட்டை ரோஸ்விதா அறிவாள்.

குஞ்சுகள் ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லை. ஜூன் முழுக்க லோத்தர் கைவிளக்கோடு வந்து வந்து பார்த்தான். "இது பொண்ணு மாதிரி இருக்கு." "போன வாரமும் இதத்தான் காட்டின." "இல்ல, வயித்துத் துடுப்பு கறுக்குது பாரு." "உன் நெழலு." கடைசியில் ஒருநாள் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் போயிற்று. குட்டையாய், வால் உருண்டையாய், வயிற்றுத் துடுப்பு மையிட்டாற்போல் கறுத்து, ஒருத்தி தேங்காய் ஓட்டு வாசலில் மஞ்சளாய் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இலைக்கடியில் இன்னும் சிலர். முதல் வாரச் சூட்டுக்கு ஆண்கள்தான் அதிகம்; ஆனாலும் பெண்கள் போதுமான அளவுக்கு இருந்தார்கள். நிலவறையில் மூன்று பெரிய மனிதர்கள் சத்தம் போடாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ரோஸ்விதா போனாள். பையில் ஆறு மீன், மூன்று ஜோடி. வழியில் லோத்தர் திரும்பத் திரும்பச் சொன்னான்: "பழசக் கிளறாத. முடிஞ்சிபோச்சு. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

பின்னறையில் அவளைக் கண்டதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தலைவி கார்லா ஹென்ஷெல் பையைத் தூக்கி விளக்குக்கு நேரே காட்டினாள். "சிவப்புக் கரைக்காரங்க! பொண்ணோட! ஊரெல்லாம் போச்சு போச்சுன்னாங்க. ரோஸி கைன்னா ரோஸி கைதான்!" எல்லோரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியது லோத்தர்தான். அத்தோடு விட்டிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய சண்டை பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது.

"கை தட்டாதீங்க" என்றாள் ரோஸ்விதா. பேருந்துக் குரல் வரவில்லை. வேறு ஒரு சின்னக் குரல்தான் வந்தது. "இதே ரூம்ல நான் லோத்தரப் பொய்யன்னு சொன்னேன். அவன் சொன்னது நெசம். நான் குடுத்த ஆறும் ஆணு. பாய்லர் பக்கத்துல வச்சு நானேதான் அவிச்சேன். அது தெரியாமப் பண்ணினது. ஆனா அவன் பொய் சொல்லலன்னு அந்தக் குளிர்காலமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தேன். நீங்க அவனப் பாத்துச் சிரிச்சதெல்லாம் என்னாலதான். அது தெரிஞ்சே பண்ணினது. கார்லா, அந்தப் பை அவனோடது."

லோத்தர் தட்டிய கையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தான். மீன்காரர்கள் மீன்காரர்கள்தான், பின்வரிசையில் ஒருவரால் பொறுக்க முடியவில்லை.

"பாய்லர் பக்கத்துலன்னா, எத்தன டிகிரி இருந்துச்சு?"

பதில் சொல்ல ரோஸ்விதா வாயைத் திறப்பதற்குள் லோத்தர் எழுந்துவிட்டான்.

"முப்பது" என்றான். "நானே பாத்தேன். அவங்க வீட்டுக்கு நானே போயி..."

எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேரை வாயாலேயே மடக்கிய லோத்தர் டெம்பெக், அத்தனை பேர் முன்னால், நின்றபடியே அழுதான்.